ஏறிய விலை ஏன் இறங்குவதே இல்லை? பெட்ரோல், கேஸ், மளிகை... மாத பட்ஜெட்டைச் சமாளிப்பது எப்படி? முழு விளக்கம்

"போன மாசம் இதே சாமான்தானே வாங்கினேன், இப்ப எப்படி 400 ரூபாய் கூட வந்துச்சு?" மளிகைக்கடையில் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு இப்படி யோசிக்காதவர்கள் இருக்க முடியாது. அதே நாள் போனைத் திறந்தால், "பணவீக்கம் குறைந்தது" என்று ஒரு செய்தி வந்திருக்கும். எது உண்மை?

இரண்டுமே உண்மைதான். அது எப்படி, எந்த விலை ஏறினால் திரும்ப இறங்கும், எது இறங்கவே இறங்காது, நம்ம கையில் என்ன இருக்கிறது என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பணவீக்கம் குறைந்தால் விலை குறையுமா?

குறையாது. இங்கேதான் பலருக்கும் குழப்பம்.

பணவீக்கம் என்பது விலை எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைச் சொல்லும் கணக்கு. 100 ரூபாய்க்கு விற்ற பொருள் ஒரு வருடத்தில் 110 ரூபாய் ஆனால் பணவீக்கம் 10%. அடுத்த வருடம் அதே பொருள் 112 ரூபாய் 20 காசு ஆனால் பணவீக்கம் வெறும் 2%. செய்தியில் "10%-ல் இருந்து 2% ஆகக் குறைந்தது" என்று வரும். ஆனால், கடையில் விலை 112 ரூபாய் 20 காசுதான். பழைய 100 ரூபாய் திரும்பி வரவே இல்லை.

ரிசர்வ் வங்கிக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் இலக்கே 4% பணவீக்கம்தான். அதற்கு 2% மேலேயோ கீழேயோ போகலாம். அதாவது, எல்லாம் சரியாக நடந்தாலும் விலை ஆண்டுதோறும் கொஞ்சம் ஏறிக்கொண்டே இருக்கும் என்பதுதான் திட்டம். அதனால் "விலை இறங்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று காத்திருப்பது எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது.

மூன்று வகை விலை

வீட்டுச் செலவை இப்படி மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். யோசனை கொஞ்சம் தெளிவாகும்.

1. ஏறி இறங்கும் விலை: தக்காளி, வெங்காயம், முருங்கைக்காய், முட்டை, மீன். மழை, வரத்து, சீசனைப் பொறுத்தது. இங்கே வேண்டியது பொறுமையும் மாற்றுப் பொருளும்.

2. ஏறினால் இறங்காத விலை: டீக்கடை டீ, ஹோட்டல் இட்லி, ஸ்கூல் வேன், வீட்டு வாடகை, முடிவெட்டும் கூலி. தக்காளி விலை இறங்கினால் ஹோட்டலில் தோசை விலை இறங்காது. இதற்கு பட்ஜெட்டையே மாற்றித்தான் ஆக வேண்டும்.

3. அரசும் எண்ணெய் நிறுவனங்களும் தீர்மானிக்கும் விலை: பெட்ரோல், டீசல், கேஸ், கரண்ட், பஸ் டிக்கெட். இங்கே விலை நம்ம கையில் இல்லை, எவ்வளவு செலவழிக்கிறோம் என்பது மட்டும்தான் நம்ம கையில்.

பெட்ரோல்: 5 ரூபாய் ஏற்றத்தைவிட பெரிய செலவு எது?

இந்தியா தன் கச்சா எண்ணெய்த் தேவையில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. சர்வதேச விலையும் டாலர் மதிப்பும் ஏறினால் செலவு ஏறும். அதன்மேல் மத்திய அரசின் கலால் வரி, மாநில அரசின் வாட் வரி, டீலர் கமிஷன் எல்லாம் சேர்ந்துதான் பங்க்கில் நாம் பார்க்கும் விலை. பெட்ரோலும் டீசலும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை.

2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் தினமும் காலை 6 மணிக்கு விலையை மாற்றும் முறை இருக்கிறது. ஆனால், நடைமுறையில் மாதக்கணக்கில் விலை அப்படியே நிற்பதும், பிறகு மளமளவென ஏறுவதும் நடந்திருக்கிறது. 2022 மார்ச் 22-ல் தொடங்கிய ஏற்றம், ஏப்ரல் 6-க்குள் லிட்டருக்கு 10 ரூபாயைத் தொட்டது. அந்த ஆண்டு மே மாதம் மத்திய அரசு பெட்ரோலுக்கு 8 ரூபாய், டீசலுக்கு 6 ரூபாய் கலால் வரியைக் குறைத்தது. அதன்பிறகு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மாற்றம் இல்லை. 2024 மார்ச்சில் 2 ரூபாய் குறைந்தது.

சரி, வீட்டுக்கணக்குக்கு வருவோம். தினமும் போக வர 40 கிலோமீட்டர் பைக் ஓட்டுபவர், மாதம் 26 நாள் வேலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,040 கிலோமீட்டர். லிட்டர் 101 ரூபாய் என்று கணக்குப் போட்டால்:

- 45 கிலோமீட்டர் மைலேஜ் கிடைத்தால்: மாதம் சுமார் 2,330 ரூபாய்
- 38 கிலோமீட்டர்தான் கிடைத்தால்: மாதம் சுமார் 2,760 ரூபாய்

வித்தியாசம் 430 ரூபாய். பெட்ரோல் லிட்டருக்கு 5 ரூபாய் ஏறினால் முதலாமவருக்குக் கூடுதல் செலவு சுமார் 115 ரூபாய்தான். டயரில் காற்றுக் குறைவு, அழுக்கடைந்த ஏர் ஃபில்டர், லூசான செயின், பாதி பிடித்தபடியே இருக்கும் பிரேக்... இந்த நான்கும் சேர்ந்து எந்த விலை உயர்வையும்விட அதிகமாகப் பிடுங்கிவிடும். பங்க்கில் காற்று இலவசம். காசு கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. அளவில் சந்தேகம் வந்தால் 5 லிட்டர் அளவுக் குடுவையில் பிடித்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், அது வாடிக்கையாளரின் உரிமை.

சென்னையில் இருப்பவர்கள் இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். மாநகரப் பேருந்துகளில் ஏசி அல்லாத பஸ்களுக்கான 'விருப்பம்போல் பயணம்' மாத பாஸ் 1,000 ரூபாய். வாரத்தில் பாதி நாள் மட்டும் பஸ் என்றால் லாபம் பெரிதாக இருக்காது. முழுவதும் மாறினால்தான் மிச்சம். பெண்களுக்கு 2021 மே மாதத்தில் இருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பயணம் இலவசம்.

"டீசல் ஏறிடுச்சு சார்..." உண்மைதானா?

எந்தப் பொருள் விலை ஏறினாலும் கடையில் வரும் முதல் பதில் இதுதான். இதையும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நாசிக்கில் இருந்து சென்னைக்கு லாரியில் வெங்காயம் வருகிறது. ஒரு வழி தூரம் சுமார் 1,300 கிலோமீட்டர். லாரி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும், லோடு 20 டன் என்று வைப்போம். போக வர 650 லிட்டர் டீசல். லிட்டருக்கு 5 ரூபாய் ஏறினால் கூடுதல் செலவு 3,250 ரூபாய். 20,000 கிலோவுக்குப் பிரித்தால் கிலோவுக்கு 16 காசு!

ஆக, வெங்காயம் கிலோவுக்கு 20 ரூபாய் ஏறினால் அதற்கு டீசல் மட்டும் காரணமாக இருக்க முடியாது. மழையில் பயிர் அழுகியது, வரத்து குறைந்தது, இடையில் கைமாறும் கமிஷன், வீணாகும் சரக்கு... பெரும்பாலும் இவைதான் காரணம். இதில் நமக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. இப்படி ஏறும் விலை, அடுத்த அறுவடை வந்ததும் இறங்கும்.

டீசல் விலை நம்மை நேரடியாகத் தாக்குவது வேறு இடத்தில். ஷேர் ஆட்டோ, ஸ்கூல் வேன், குட்டியானை வாடகை, உழவுக்கு வரும் டிராக்டர் வாடகை. இவை ஏறினால் இறங்காத வகை.

கேஸ்: சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது?

சென்னையில் 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் 2023 மார்ச்சில் 1,118 ரூபாய் 50 காசு. அந்த ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் 200 ரூபாயும், 2024 மார்ச்சில் 100 ரூபாயும் குறைந்தது. 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறி 868 ரூபாய் 50 காசு ஆனது. ஹோட்டல்களுக்கான 19 கிலோ சிலிண்டர் விலை பொதுவாக ஒவ்வொரு மாதமும் 1-ம் தேதி மாறும். "கேஸ் விலை குறைந்தது" என்று செய்தி வந்தால் எந்த சிலிண்டர் என்று முதலில் பாருங்கள்.

சிலிண்டரை மாட்டும் நாளை காலண்டரில் குறித்து வையுங்கள். 45 நாள் வந்தால் வருடத்துக்கு சுமார் 8 சிலிண்டர். 35 நாளில் தீர்ந்தால் 10-க்கும் மேல். 868 ரூபாய் விலையில் வித்தியாசம் ஏறத்தாழ 2,000 ரூபாய்.

- பருப்பு, கொண்டைக்கடலையை ஊறவைத்து குக்கரில் வேகவையுங்கள்.
- சுடர் மஞ்சளாக எரிந்தால் பர்னரைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று அர்த்தம்.
- சிலிண்டர் வாங்கும்போது எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சிலிண்டரில் எழுதியிருக்கும் காலி எடையுடன் 14.2 கிலோ சேர்ந்திருக்க வேண்டும்.
- பில் தொகையிலேயே டெலிவரி கட்டணம் அடங்கியிருக்கிறது. அதற்கு மேல் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கட்டாயப்படுத்தினால் 1800 2333 555 என்ற இலவச எண்ணில் புகார் செய்யலாம்.

காய்கறி: பொறுத்தால் இறங்கும்

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். அப்போது தமிழக அரசு பண்ணைப் பசுமைக் கடைகளிலும் சென்னையில் சில ரேஷன் கடைகளிலும் 60 ரூபாய்க்கு விற்றது. அடுத்த வரத்து வந்ததும் வெளிக்கடைகளிலும் விலை தானாக இறங்கியது.

சில விலைகளுக்கு நாள்கணக்கே இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், அப்போது கடல்மீன் விலை ஏறும். புரட்டாசியில் பலர் அசைவம் சாப்பிடாததால் முட்டை, கறிக்கோழி விலை பொதுவாக இறங்கும். பனிக்காலத்தில் முருங்கைக்காய் ஏறும், ஆனால் முருங்கைக்கீரை கிடைக்கும். மாசி, பங்குனியில் புது புளியும் காய்ந்த மிளகாயும் சந்தைக்கு வரும். வருடத்துக்குத் தேவையானதை அப்போது வாங்கி வெயிலில் காயவைத்து எடுத்துவைக்கும் நம்ம பாட்டிமார் வழக்கம், இன்றைக்கும் காசை மிச்சப்படுத்தும் வழக்கம்தான்.

உழவர் சந்தை பக்கத்தில் இருந்தால் அங்கே போங்கள். 1999-ல் மதுரையில் தொடங்கிய திட்டம் இது. விவசாயிகளே நேரடியாக விற்பதால் இடையில் கமிஷன் இல்லை. அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். அங்கே வாங்காவிட்டாலும் அந்த விலையைப் பார்த்துவிட்டுத் தெருக்கடைக்குப் போனால் பேரம் பேசலாம்.

மளிகை: விலை ஏறாமலே ஏறும் விலை

பிஸ்கட் பாக்கெட் விலை பல வருடமாக அதே 5 ரூபாய், 10 ரூபாய்தான். உள்ளே இருக்கும் எடை? அதுதான் இளைத்துப்போகிறது. எண்ணெய் பாக்கெட்டும் அப்படித்தான். பார்க்க ஒரு லிட்டர் மாதிரி இருக்கும், திருப்பிப் பார்த்தால் 850 மில்லி, 800 மில்லி என்று இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க சுலபமான வழி இருக்கிறது. பாக்கெட் பொருட்களில் மொத்த விலையுடன், ஒரு கிராமுக்கோ ஒரு மில்லிக்கோ என்ன விலை என்பதையும் அச்சிட வேண்டும் என்று எடையளவு விதிகள் சொல்கின்றன. இரண்டு பிராண்டை ஒப்பிடும்போது அந்தச் சின்ன எழுத்தைப் பாருங்கள். ஆஃபர் எது, ஏமாற்று எது என்று தெரிந்துவிடும். எடைக் குறைவு, எம்ஆர்பி-க்கு மேல் வசூல் போன்ற புகார்களுக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அரிசி, பருப்பு வாங்கும்போது இன்னொன்றையும் கவனிக்கலாம். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையிலான லேபிள் ஒட்டிய பாக்கெட் அரிசி, பருப்பு, மாவுக்கு 5% ஜிஎஸ்டி இருக்கிறது. கடையில் மூட்டையில் இருந்து எடை போட்டுக் கொடுப்பதற்கு வரி இல்லை. 26 கிலோ அரிசி மூட்டை கடைகளுக்கு வந்த ரகசியம் இதுதான்.

சமையல் எண்ணெய் விலை மட்டும் ஏன் இப்படி ஆடுகிறது? நம் தேவையில் பாதிக்கும் மேல் இறக்குமதி. பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவில் இருந்தும், சூரியகாந்தி எண்ணெய் ரஷ்யா, உக்ரைனில் இருந்தும் வருகிறது. அங்கே போரோ ஏற்றுமதித் தடையோ வந்தால் இங்கே வடைச்சட்டி வரைக்கும் சூடு தெரியும். 2022-ல் இரண்டுமே வந்தன.

ரேஷன்: விட்டுவிடாதீர்கள்

"ஒரு கிலோ பருப்புக்காக யார் வரிசையில நிக்கிறது?" என்று விடுபவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள். அரிசி கார்டுக்கு அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். வெளியே பருப்பும் எண்ணெயும் தலா 100 ரூபாய் என்று குறைவாகவே வைத்தாலும், இரண்டில் மட்டும் மாதம் 145 ரூபாய் மிச்சம். வருடத்துக்கு 1,740 ரூபாய்.

டீத்தூள், உப்பு, சோப்பு வாங்கினால்தான் பருப்பு என்று சொன்னால் அதை ஏற்க வேண்டாம். வாங்காத பொருளுக்கு போனில் எஸ்எம்எஸ் வந்தாலும் சரி, 1967 அல்லது 1800 425 5901 எண்ணில் புகார் சொல்லலாம்.

கரண்ட்: 500 என்ற கோடு

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். பலருக்குத் தெரியாத விஷயம், 500 யூனிட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்பது. தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டும் கூடுதல் கட்டணம் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. 101 முதல் 200 யூனிட் வரை கிடைக்கும் குறைந்த கட்டணச் சலுகையும் சேர்ந்து போய்விடும். கேஸை மிச்சம் பிடிக்கிறேன் என்று இண்டக்‌ஷன் அடுப்பை அதிகம் பயன்படுத்தும் வீடுகள், மீட்டரில் 500-க்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறோம் என்பதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

எதைக் குறைக்கக் கூடாது?

இதுவரை சொன்னதைவிட முக்கியமானது இது. காசு பத்தவில்லை என்றால் வீட்டில் முதலில் குறைவது எது என்று யோசித்துப் பாருங்கள். வாடகையைக் குறைக்க முடியாது. ஃபீஸைக் குறைக்க முடியாது. குறைவது சாம்பாரில் பருப்பு. அடுத்து முட்டை, பால், பழம். அதிலும் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு கடைசியாகச் சாப்பிடும் அம்மாவின் தட்டில்தான் முதலில் குறையும். யாரும் சொல்வதில்லை, யாரும் கேட்பதும் இல்லை.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு (53.4%) ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. அங்கே போய் மிச்சம் பிடிப்பது மிச்சமே இல்லை. பிறகு ஆஸ்பத்திரியில் கட்ட வேண்டியிருக்கும்.

துவரம்பருப்பு விலை ஏறினால் பருப்பையே விட வேண்டாம். பாசிப்பருப்பு, தட்டைப்பயறு, கொள்ளு, மொச்சை என எது விலை குறைவோ அதற்கு மாறுங்கள். வஞ்சிரத்துக்குப் பதில் மத்தி, நெத்திலி. ஆப்பிளுக்குப் பதில் கொய்யா, நெல்லிக்காய். அதேபோல பிபி, சர்க்கரை மாத்திரையை "ஒருநாள் விட்டு ஒருநாள்" போட்டு மிச்சம் பிடிக்க வேண்டாம். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இந்த மாத்திரைகள் இலவசமாகக் கிடைக்கும்.

மாதக் கடைசியில் கடன்: கணக்குப் போட்டு வாங்குங்கள்

20-ம் தேதிக்கு மேல் கை கடிக்கும்போது தண்டல் சுலபமாகத் தெரியும். கையில் 9,000 கொடுத்துவிட்டு, தினம் 100 ரூபாய் வீதம் 100 நாளில் 10,000 வசூலிப்பார்கள். "ஆயிரம் ரூபாய்தானே" என்று தோன்றும். ஆனால், முதல் நாளில் இருந்தே அசலைத் திருப்பிக்கொண்டு வருகிறோம். ஆண்டு வட்டியாகப் பார்த்தால் 70 சதவீதத்துக்கும் மேல்! கையில் ஒரு கிராம் நகை இருந்தாலும் கூட்டுறவு சங்கத்திலோ வங்கியிலோ வைத்து வாங்கும் கடனுக்கு இதில் ஒரு பகுதிதான் வட்டி. மகளிர் சுயஉதவிக் குழுவில் இருப்பவர்கள் முதலில் குழுவின் உள்கடனைக் கேட்டுப் பாருங்கள். கந்துவட்டி வசூலிப்பது 2003-ம் ஆண்டு தமிழ்நாடு சட்டப்படி குற்றம். மிரட்டினால் போலீசில் புகார் கொடுக்கலாம்.

மாதாமாதம் மளிகைக்காக மட்டுமே கடன் வாங்க வேண்டியிருக்கிறது என்றால், அது சிக்கனத்தால் தீரும் பிரச்னை இல்லை. வருமானம் விலைவாசிக்குப் பின்னால் போய்விட்டது என்று அர்த்தம். மாதச் சம்பளம் 15,000 ரூபாய், விலைவாசி ஏற்றம் 5% என்றால், அடுத்த வருடம் அதே வாழ்க்கைக்கு 15,750 ரூபாய் வேண்டும். சம்பளம் ஏறவில்லை என்றால், உண்மையில் அது குறைந்திருக்கிறது. அரசு ஊழியர்களுக்கு அகவிலைப்படி இதற்காகத்தான். குறைந்தபட்ச ஊதியம் அறிவிக்கப்பட்ட கடை, ஹோட்டல் போன்ற வேலைகளுக்கும் தமிழ்நாட்டில் ஒவ்வொரு ஏப்ரல் 1-ம் தேதியும் அகவிலைப்படி மாற்றியமைக்கப்படுகிறது. உங்கள் வேலைக்கு அரசு அறிவித்த ஊதியம் எவ்வளவு என்று தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இந்த மாதமே செய்து பார்க்க...

- ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: ஏறி இறங்குவது, இறங்காதது, அரசு விலை.
- 30 நாள் செலவை அந்தந்தப் பத்தியில் எழுதுங்கள். டீ, ரீசார்ஜ் உட்பட.
- முதல் பத்தியில் மாற்றுப் பொருள் தேடுங்கள். மூன்றாவதில் அளவைக் குறையுங்கள்.
- இரண்டாவது பத்தியின் கூட்டுத்தொகை சம்பளத்தில் எவ்வளவு என்று பாருங்கள். அதுதான் உங்கள் பட்ஜெட்டில் எளிதில் குறைக்க முடியாத பங்கு. சம்பள உயர்வு கேட்கப் போகும்போது கையில் இருக்க வேண்டிய கணக்கும் அதுதான்.
- பருப்பு, முட்டை, பால், மாத்திரை... இந்த நான்கின் மேல் மட்டும் அடித்தல் கோடு போடாதீர்கள்.